ஏரிக்கரையில் நடக்கும் விருந்தினர்: கரைக்கு என்ன கிடைக்கும்?

பாகூர் ஏரிக்கரையில் காலை 6 மணிக்கு நடப்பவர்கள் ஒரு காலத்தில் மடை பார்க்கப் போகிறவர்களும் மாடு ஓட்டிச் செல்பவர்களும்தான். இப்போது கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக் கொண்டு புதிய முகங்களும் நடக்கின்றன. புதுச்சேரி நகரின் சந்தடி வேண்டாம் என்று வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் தோட்ட வீடுகளில் தங்குகிற வெளியூர் விருந்தினர்கள் இவர்கள். காலையில் ஏரிக்கரை, மாலையில் கடற்கரை என்று நடப்பதற்காகவே வருகிறார்கள். இதனால் சிறு விவசாயிக்கு வரவா, செலவா என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

நடந்து பார்ப்பதற்கு இந்தப் பக்கம் குறைவில்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் புறப்பட்டு சங்கராபரணி ஆற்றோரமாகத் திருக்காஞ்சி வரை போகலாம். ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்ததும் அங்கே பறவை பார்க்கக் கூட்டம் சேர்கிறது. பாகூரில் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட மூலநாதர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, இந்த ஊர்க் கல்விச்சாலைக்கு 3 கிராமங்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்கிறது. கிழக்கே போனால் நரம்பை, மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் என்று கடலோர ஊர்கள். இடையில் நெல், கரும்பு, சவுக்கு, தென்னை.

ஆனால் விருந்தினர் ரசித்து நடக்கிற இந்தக் கரைகள் நடைபாதையாகப் போடப்பட்டவை அல்ல. தமிழ்நாட்டில் சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணைத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்குக் கொண்டு வருகிறார்கள். அந்த வாய்க்காலைத் தூர் வாரவும், உடைப்பு விழுந்தால் மண்வெட்டியோடு ஓடவும் விடப்பட்ட கரைதான் அது. புதுவைப் பகுதியில் இப்படி 84 ஏரிகள். 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இவற்றைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கி, ஏரிதோறும் பாசனதாரர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அதற்கு முன்பும் பின்பும் கரையில் விழுந்த உழைப்பில் பெரும்பங்கு அந்தந்த ஊர் விவசாயியுடையது. இன்று விருந்தினர் தரும் அறை வாடகை வீட்டுக்காரருக்குப் போகிறது, வண்டி வாடகை டிரைவருக்குப் போகிறது. கரைக்கு வந்து சேருவது காலடி மட்டும்தான்.

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகல் நாட்டுக்குச் சொந்தமான மதீரா என்ற தீவு இருக்கிறது. மழை மிகுந்த வடக்கிலிருந்து வறண்ட தெற்குக்கு, கரும்புக்கும் பிறகு வாழைக்கும் தண்ணீர் கொண்டுபோக மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நீர் பாய்ச்சும் ஆள் நடக்க வாய்க்கால் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை விட்டிருந்தார்கள். இன்று அந்தப் பாதைகளில் நடப்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். சில ஆண்டுகளாக வெளியூர்க்காரர்களிடம் நடைக்கட்டணமும் வாங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் குமரகத்தில் 2008 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்த காய்கறியை அங்குள்ள ஓட்டல்கள் வாங்குவதற்கு ஏற்பாடு செய்தார்கள். ஓட்டல் வந்ததால் ஊர் தானாகப் பிழைத்துவிடவில்லை; உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்த பிறகுதான் பலன் கிடைத்தது.

விவசாயிகளின் மனக்குறையும் நியாயமானதே. சம்பா நடவுக்கு அண்டை வெட்டிப் பூசிய வரப்பில் பூட்ஸ் காலோடு நான்கு பேர் நடந்தால் வரப்பு சரிந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். நாற்றங்கால் ஓரம் பிளாஸ்டிக் பாட்டில் கிடக்கிறது. நடவு செய்யும் பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல் படம் பிடிப்பதும் நடக்கிறது. தன் வீட்டுப் பெண்ணை அப்படிப் பிடித்தால் அந்த விருந்தினர் சும்மா இருப்பாரா? ஆகவே ஏரிக்கரையும் வண்டிப்பாட்டையும் நடக்க, வயல் வரப்பு உடையவர் சம்மதித்தால் மட்டும் என்று கோடு கிழித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கரையையும் மூட வேண்டியிருக்கும். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கத்து வயல்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாளில் மண் மூட்டை சுமப்பவருக்குத்தான் கரையில் இடம்.

இத்தனை தொல்லை எதற்கு, விருந்தினரே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றால், அதில் ஒரு நட்டம் ஒளிந்திருக்கிறது. நிலம் வாங்கும் வெளியூர்க்காரர் முதலில் செய்வது கம்பிவேலி போடுவது. பழைய வண்டிப்பாட்டை அந்த வேலிக்குள் போய்விட்டால் கதிர்க்கட்டு சுமப்பவர் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். விருந்தினர் நடக்கும் பாதை என்று வரைபடத்தில் ஏறிவிட்டால் அந்தப் பாதையைத் தொடுவது சுலபமல்ல. இங்கிலாந்தில் 1949-ல் சட்டம் போட்டு, ஊர் ஊராகப் பழைய நடைபாதைகளை வரைபடத்தில் ஏற்றினார்கள். நிலம் கைமாறினாலும் பாதை மாறுவதில்லை. 2001-ல் அங்கே கோமாரி பரவியபோது அந்தப் பாதைகளை மூடினார்கள். மாடு வளர்த்தவர்களோடு சேர்ந்து, கிராமத்து விடுதிக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் வருமானம் போய்த் தவித்தார்கள். நடப்பவர்கள் எவ்வளவு பணம் விட்டுப் போனார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

யார் முன்கை எடுப்பது? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகும் நெடுங்காலம் தேர்தல் இல்லை. எனவே பஞ்சாயத்துக்காகக் காத்திராமல் ஏரிச் சங்கங்களே விடுதிக்காரர்களை அழைத்துப் பேசலாம். ஒரு விருந்தினருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் அது கரைக் கணக்கில் சேரட்டும். வழிகாட்ட வெளியாள் வேண்டாம். பாம்புப் புற்று எங்கே, சேறு எங்கே, எந்த வயலில் அறுவடை என்பது விவசாயி வீட்டுப் பையனுக்கோ பெண்ணுக்கோ தெரியும், கூலியும் அவர்களுக்கே. இளநீரும் நுங்கும் கரையிலேயே விற்கலாம்.

கடற்கரைப் பக்கம் மட்டும் வேறு பேச்சு. வலை காய்வதும் கருவாடு உலர்வதும் மணலில்தான். மீனவப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல், பாகூர்க்காரர்கள் புதுக்குப்பத்துக்கும் நரம்பைக்கும் பாதை போட்டுவிடக் கூடாது.