சொரசொரப்புச் சுவரில் ஸ்டிக்கர் எழுத்து வேண்டாமே



ஆலய வெளிச்சுவர்ல உபயக்காரர் பெயர்களை வினைல் ஸ்டிக்கர்ல ஒட்டலாமேன்னு சிலர் கேட்கிறீங்க. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சொரசொரப்பான சுவரில் பசை மேடுகளில் மட்டும்தான் பிடிக்கும். பள்ளத்தில் மழைநீர் புகும், வெயில் ஓரத்தைத் தூக்கிவிடும். முதலில் விழுவது சின்னத் துண்டு. தமிழில் அது புள்ளிதான்! 'கால் கழுவும் இடம்' என்பது 'கால கழுவும இடம' ஆகிடும். கொடுத்தவங்க பேரும் அப்படி ஆகலாமா?

கரடுமுரடான சுவருக்கென்றே தனி வினைல் இருக்கு. ஆனா ஹீட் கன்னால் சூடாக்கி, உருளையால் அழுத்தி ஒட்டணும், செலவு கூடும். அதைவிட, வழவழப்பான அலுமினியப் பலகையில் ஒட்டி, பலகையைச் சுவரில் திருகி மாட்டலாம். பெயர் சேர்க்கவும் கழற்றினா போதும்.

நிர்வாகக் கூட்டத்தில் இதையே சொல்லப் போகிறோம். உங்க ஆதரவு வேண்டும்.

– ஆலயத் தொண்டர்கள்