எடை பார்க்க வேண்டியது சைக்கிளையா?

"இந்த வயசுல அந்தப் பழைய வண்டியை வச்சுக்கிட்டு லாங் போக முடியாது சார். எட்டு கிலோவுக்குள்ள ஒண்ணு வாங்கிடுங்க." ஓய்வு பெற்றவர்கள் கூடுகிற இடத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. காலை நடையில், வாட்ஸ்அப் குழுவில், கல்யாணப் பந்தியில், எங்கும் கிராம் கணக்கு. கேட்கிறவர் கடைக்குப் போய் விலை கேட்கிறார். லட்சத்தைத் தாண்டும் என்றதும் வீட்டுக்கு வந்து சைக்கிள் ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார். திண்ணையோரம் சாத்தி வைத்த நல்ல சைக்கிள் துருப்பிடிக்கிறது. அவருக்குச் சர்க்கரை ஏறுகிறது. இந்த அறிவுரை செய்கிற கேடு இதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓட்டிப் பார்க்காமல் பேசவில்லை. நண்பர் ஒருவரின் மகன் தன் கார்பன் சைக்கிளை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். மல்லாட்டை மண்டித் தராசில் வைத்தேன்: 8 கிலோ. கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் சகிதம் என்னுடைய ரோட்ஸ்டர் 20 கிலோ. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, அங்கிருந்து விழுப்புரம் மகள் வீடு. ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதலில் அதில் போனேன், நாலு நாள் கழித்து அதே வழியில் என்னுடையதில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கையில் தூக்கிப் படியேறலாம். மிதித்த உடனே பாய்கிறது. மேம்பாலத்தில் மூச்சு வாங்கவில்லை. செஞ்சிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது? நம் ஊர் சமவெளி. சமதளத்தில் நம்மை இழுத்துப் பிடிப்பது இரண்டு: காற்றும், டயர் தரையில் உரசி உருளும் தடையும். காற்று நம் எடையைக் கேட்பதில்லை. நாம் எவ்வளவு அகலமாக அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைத்தான் பார்க்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 12 கிலோ வித்தியாசம் கேட்கிற கூடுதல் உழைப்பு, என் கணக்கில், மூன்று நாலு வாட். மேம்பாலம் ஏறும்போது? ஒரு குடம் தண்ணீரை இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போகிற வேலை. அவ்வளவுதான். அந்தச் சைக்கிள் வேகமாகப் போனதற்குப் பெரும் காரணம் குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பாரும், நல்ல டயரும், அதில் நிறைந்திருந்த காற்றும்தான். மலை ஏறுகிறவருக்கும் பந்தயக்காரருக்கும் எடை முக்கியம், மறுக்கவில்லை. அந்தப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை உலகச் சைக்கிள் சம்மேளனம் அனுமதிப்பதில்லை.

பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பந்தயம் 1891-ல் முதல்முதலாக நடந்தபோது சார்ல் தெரோன் என்பவர் வென்றார். சுமார் 71 மணி நேரம். அன்றைக்கு அவருடைய வண்டியில் பேசப்பட்ட புதுமை, கழற்றி மாட்டக்கூடிய காற்றடைத்த மிஷ்லின் டயர். இன்றைக்கும் சென்னை இளைஞர்கள் ஓட்டுகிற 200 கிலோமீட்டர் 'பிரவே' பயணத்துக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. அந்த வேகத்துக்குத் தேவை நிதானம். கார்பன் இல்லை.

இனி அந்த எட்டு கிலோவின் கதை. செஞ்சியைத் தாண்டிக் கிராமத்து ரோட்டில் இறங்கியதும் மெலிந்த டயர் முதுகெலும்பை எண்ண ஆரம்பித்தது. சீமைக்கருவேல முள் ஒன்று ஏறியது. பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் திறமையாக ஒட்டினார். காற்றடிக்கப் போனால் வால்வு வேறு வகை. "நம்ம பம்ப் இதுக்குச் சேராது சார்" என்றார். பையில் கைப்பம்ப் இருந்ததால் பிழைத்தேன். அந்தப் பம்ப், மாற்று ட்யூப், பூட்டு, விளக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் நாலு கிலோ. லட்ச ரூபாய் கொடுத்து இறக்கிய எடையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே திரும்பி ஏறிவிட்டது. மகளுக்குக் கொண்டுபோக வைத்திருந்த மல்லாட்டைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கேரியர் கிடையாது. இந்தப் பக்கத்தில் இதே வகைச் சைக்கிளில்தான் மரக்காணத்து உப்பையும், பாலையும், மல்லாட்டை மூட்டையையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அவர்களில் யாரும் சைக்கிள் கனக்கிறது என்று வண்டியை நிறுத்தவில்லை.

விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டி மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை உண்டாக்கியதாக மகேந்திரவர்மன் அங்கே கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். இல்லாமல் செய்வதைப் பெருமையாகச் சொன்ன மன்னன். நமக்கோ எதையாவது வாங்கினால்தான் எதையும் தொடங்க வருகிறது.

உண்மையில் சைக்கிளைக் கனமாக்குவது எது? சீட்டு இரண்டங்குலம் தாழ்ந்திருந்தால் முழங்கால் கனக்கும். காற்றில்லாத டயர் கனக்கும். எண்ணெய் காணாத செயின் கனக்கும். இவற்றைச் சரிசெய்ய ஐந்நூறு ரூபாய் போதும்.

எல்லாவற்றையும்விடக் கனமானது பயம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நேர்வழி நாற்கரச் சாலை, 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஓரக் கோட்டுக்கு வெளியே நிறுத்திய லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், திடீரென முடிந்துபோகும் சர்வீஸ் ரோடு. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி பக்கம் சாலையைக் கடப்பதைப் பாருங்கள். 2001-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த அருமையான திட்டம் அது. சைக்கிளைக் கொடுத்தோம், அது போக ஒரு தடம் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் சைக்கிளில் ஐந்து கிலோவைக் குறைத்தால் லாரி விலகிப் போகுமா?

இதனால்தான் கிராம் கணக்கு எனக்குக் கோபம் மூட்டுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், நாமோ சலங்கையின் எடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டியவர்கள் நாம். மனு எழுதத் தெரியும், நேரம் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்பதும் தெரியும். சர்வீஸ் ரோட்டை அறுபடாமல் போடு, ஓரத்தில் லாரியை நிறுத்தாதே, பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வேகத்தைக் குறை என்று நாம் கேட்காவிட்டால் யார் கேட்பது?

வாங்க வசதி இருப்பவர் தாராளமாக வாங்கட்டும். ஆசைக்கு நான் விரோதி இல்லை. அது இல்லாமல் போக முடியாது என்று மட்டும் அடுத்தவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் பழைய வண்டியைத் துடைத்து, காற்றடித்து, சீட்டை ஏற்றி, நாளைக் காலை வெயிலுக்கு முன் ஊர் எல்லை வரை போய் வாருங்கள். அடுத்த வாரம் மயிலம். சாலையில் எங்கெங்கே உயிருக்குப் பயந்து இறங்கினீர்களோ, அந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.