இன்ஜினுக்கு ஒரு தண்ணீர்

வாழ்ந்து கெட்ட ஊர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஃப்ளின்ட். ஒரு காலத்தில் கார் உற்பத்தியில் கொழித்தது. சிக்கன நடவடிக்கையாக, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிவந்த ஏரித் தண்ணீரை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டு, உள்ளூர் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள்.

வந்தது வினை. ஆற்று நீரில் குளோரைடு பல மடங்கு அதிகம். உலோகத்தை அரிக்கும் சமாச்சாரம் அது. ஏரி நீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலந்திருந்தார்கள். அது ஈயக் குழாய்களின் உட்புறம் மெல்லிய படலமாகப் படிந்து, ஈயம் நீரில் கரையாமல் காத்துவந்தது. கலக்கச் செலவும் அதிகமில்லை. ஆற்று நீரில் அதைக் கலக்கவில்லை. படலம் சிதைந்தது. இரும்புக் குழாய்களின் துரு தண்ணீரைப் பழுப்பாக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஈயம் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனது.

முதலில் தப்பித்தது இன்ஜின்தான். உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று 2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரை வேண்டாமென்றது. குடித்த மக்களுக்கோ ‘பயமில்லை’ என்ற பதில்தான். 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா ரத்தப் பரிசோதனை விவரங்களை வெளியிட்டார்: ரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அதையும் அதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை.

அக்டோபரில் ஏரித் தண்ணீர் திரும்பியது. படலம் உடனே திரும்பவில்லை. குழாய்களையே தோண்டி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று.