யோகா வகுப்பு போதாது

"சேவை மனப்பான்மை இருந்தால் சோர்வே வராது, தொண்டு நிறுவனத்துக்கு உளவியல் ஆலோசகர் எதற்கு?" என்கிறார் நண்பர். வராதா? 1981-இல் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வுக்கு அளவுகோல் வகுத்ததே சேவைத் துறையினரை ஆராய்ந்துதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாடான ஐசிடி-11-உம் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது.

ஆலோசனை சொல்ல ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது டியூட்டி சார்ட்டை. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் விடிய விடிய அழைப்பு எடுத்த பெண்ணைக் காலை பத்து மணிக் கூட்டத்திலும் உட்காரவைத்திருப்பார்கள். அவருக்கா மனப்பான்மை குறைவு? இரவுப் பணிக்கு மறுநாள் விடுப்பு கொடுங்கள். கனத்த அழைப்புக்குப் பின் மூத்தவரோடு பேச அரைமணி நேரம் விடுங்கள். யோகா வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இன்னொரு ஆளைப் போடுங்கள்.