காரின் பின்னிருக்கையில் இலக்கியம் இல்லையா?

‘பயணி’ வேறு, ‘சுற்றுலாப் பயணி’ வேறு என்றொரு பாகுபாடு நமது இலக்கிய வட்டாரத்தில் கொஞ்ச காலமாகவே மந்திரம்போல் ஓதப்பட்டு வருகிறது. பயணி தனியாகப் போவான். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு கவிதைத் தொகுப்பு. திட்டமும் கிடையாது, திரும்பும் தேதியும் கிடையாது. வழியில் ஒரு தேநீர்க் கடைக்காரரிடமோ சாமியாரிடமோ ஒரு வாக்கியம் பெற்றுக்கொண்டு அதைத் தரிசனம் என்று எழுதுவான். சுற்றுலாப் பயணியோ பெண்டாட்டி பிள்ளைகளோடு காரில் வந்து இறங்குவான். காட்சிமுனையில் படம் எடுப்பான், மிளகாய் பஜ்ஜி தின்பான், குப்பை போடுவான், போய்விடுவான். முன்னவனுக்கு இலக்கிய அந்தஸ்து, பின்னவனுக்கு ஏளனம்.

இந்தப் பாகுபாட்டுக்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது என்பது என் துணிபு. தனியனாகப் புறப்பட்டவன் கங்கைக்கரையில் அமர்ந்து வாழ்வின் நிலையாமையைச் சிந்திக்கும் அதே காலையில், அவன் வீட்டில் பால் பாக்கெட் எடுத்து வைப்பது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அலுவலகத்தில் கெஞ்சி அரைநாள் விடுப்பு எடுப்பது யார்? பயணக் கட்டுரைகள் இந்தக் கேள்விகளை எழுப்புவதே இல்லை. அந்நூல்களுக்குப் பெயர் அச்சிடப்படாத இணையாசிரியர் ஒருவர் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறார்.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. நம் அகமரபில் பொருள் தேடிப் பிரிகிறவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. கடல் கடக்கும் பயணத்தில் பெண்டிரை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிடுகிறது. பாலைவழியில் தலைவன் தன் நெஞ்சோடு பேசுவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே சங்கத்தமிழில் இன்னொரு பயணமும் உண்டு. தனிப்பயண உபாசகர்கள் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆற்றுப்படைகளைச் சொல்கிறேன். பாணனும் கூத்தனும் தனியே போவதில்லை. விறலியர், இளையோர், பசித்த சுற்றம், உறையிட்ட இசைக்கருவிகள் என்று மொத்தக் குடும்பமும் நடக்கிறது. ஏன் நடக்கிறது? வேலையில்லை, வீட்டில் சோறில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் சமையலறையை ஒருமுறை படித்தவர் மறக்க முடியாது. அண்மையில் குட்டி ஈன்ற நாய் குரைக்கும் பாழடைந்த அடுக்களை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்துவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள் கிணைமகள். பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற நாணத்தில் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். இந்த வறுமையிலிருந்து கிளம்பியவர்களுக்குத்தான் நல்லூர் நத்தத்தனார் வழி சொல்கிறார். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும், வேலூரில் புளிங்கறியிட்ட சோறு கிடைக்கும், ஆமூரில் குற்றிய அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சாப்பாட்டு விவரம். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடும் நல்லியக்கோடனின் கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன்வறுவல் தேடிப் போகும் கார்களைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்கள், அது பத்துப்பாட்டில் இடம்பெற்ற பாதை என்பதை அறியவேண்டும். நடந்து ஓய்ந்த விறலியின் பாதங்களை இளையர் மெல்ல வருடிக்கொடுப்பதுகூட அந்தப் பாட்டில் உண்டு. மலைபடுகடாமோ இன்னும் ஒருபடி மேலே போய், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நன்னனின் மலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு எச்சரிக்கைப் பலகை நட்டுக்கொண்டே போகிறது. பிழைப்புக் கவலை, உடன்வருவோரின் கால்வலி, அடுத்த வேளைச் சோறு, ஆபத்தான வளைவு! குடும்பத்தோடு சாலையில் போவதன் சாரம் இவ்வளவுதானே?

இந்த மரபை நாம் எங்கே விட்டோம்? நவீன இலக்கியத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். தி. ஜானகிராமன் பள்ளிக்கூடத்திலும் பிறகு வானொலியிலும், ஆதவன் ரயில்வேயிலும் நேஷனல் புக் டிரஸ்டிலும், வண்ணதாசன் வங்கியிலும், நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாகவும் காலம் தள்ளியவர்கள். வேலையின் அவமானங்களுக்கு நம்மிடம் நல்ல கதைகள் உண்டு. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ ஒன்று போதும். வீட்டுக்குள் நடப்பதற்கும் உண்டு. தனிப் பயணத்துக்கு ஏ.கே. செட்டியார் தொடங்கி வளமான வரிசை இருக்கிறது. நண்பர்களாகச் சேர்ந்து போனதற்குச் சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) இருக்கிறது. பெண் தனியாகப் பேருந்திலும் ரயிலிலும் போவதன் சங்கடங்களை அம்பை ‘பயணம்’ என்ற தலைப்பிலேயே வரிசையாக எழுதினார். ஆனால் அலுவலகமும் வீடும் சாலையும் ஒரே காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்த நான்கு நாட்கள்? என் வாசிப்புக்கு எட்டியவரையில் அவை கேலிச் சித்திரமாக வந்திருக்கின்றன, கதையாக வந்தது மிகக் குறைவு. அந்த நான்கு நாட்களில் இல்லாதது என்ன என்றுதான் கேட்கிறேன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் அம்பத்தூரில் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், மூட்டுவலிக்கார மாமியார். கொடைக்கானல் போகவேண்டும். எப்போது போவது? பிள்ளைகளின் தேர்வு முடிந்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கைப் பணிக்கு ஆசிரியைகளை அழைக்காத நாட்களாக இருக்க வேண்டும். கணக்கருக்கு மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. படிவம்; 26க்குமேல் சம்பளப் பட்டியல்; மே 31க்குள் நான்காம் காலாண்டின் டி.டி.எஸ். அறிக்கை. ஆக, ஆண்டின் 365 நாட்களில் இந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது மே 21 முதல் 25 வரை. “கூட்டமில்லாத செப்டம்பரில் போங்களேன், மழை முடிந்த மலை எவ்வளவு அழகு தெரியுமா?” என்று அறிவுரை சொல்லும் தனிப்பயணி தன் நாட்காட்டி யாருடைய செலவில் காலியாக இருக்கிறது என்று யோசிக்கட்டும்.

ஏன் கார், ரயிலில் போனால் ஆகாதா என்பார்கள். ரயில் முன்பதிவுக் காலத்தை 120 நாட்களிலிருந்து 60 நாட்களாக 2024 நவம்பரில் குறைத்தார்கள். 60 நாட்களுக்கு முன்பே விடுப்பு உறுதியாகிவிடும் வேலை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேலாளர் தலையசைத்த பிறகு கிளம்பக்கூடிய ஒரே வாகனம் கார்தான். அது ஆடம்பரத்தின் சின்னமாக நமக்குத் தெரிகிறது. அதன் மாதத் தவணை இன்னும் மூன்றாண்டு பாக்கி. மத்திய அரசு ஊழியருக்காவது விடுப்புப் பயணச் சலுகை உண்டு (அதன் 1988ஆம் ஆண்டு விதிகள் சொந்தக் காரில் போன பயணத்தை ஒப்புக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்). 2020 அக்டோபரில், தொற்றுக்காலத்தில், அந்தச் சலுகைக்குப் பதிலாக ஒரு திட்டம் வந்தது. கட்டணத் தொகையின் மூன்று மடங்குக்கு, 12 விழுக்காடோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருளை வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். மலைக்குப் போகவேண்டிய குடும்பம் சலவை இயந்திரம் வாங்கியது. ஓய்வு என்பதை அரசு எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உருவகத்தை நம் கவிஞர்கள் யாரும் யோசித்ததில்லை.

விடிகாலை நான்கு மணிக்குக் கார் கிளம்புகிறது. இரண்டு மணிக்கே எழுந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் புளியோதரையையும் கட்டியவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. பரனூர், விக்கிரவாண்டி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் கைபேசி ‘டிங்’ என்கிறது, ஃபாஸ்டாக் இருப்பு குறைகிறது. திண்டுக்கல் தாண்டி வத்தலக்குண்டில் தேநீர். ராஜமையர், பி.எஸ். ராமையா, ‘எழுத்து’ செல்லப்பா மூவருக்கும் சொந்தமான ஊர் அது. அங்கே நின்று தேநீர் குடிக்கும் கணக்கருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது என்று நாம் வருத்தப்படுகிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியாதது பற்றி யாரும் வருத்தப்படக் காணோம். மலையேறத் தொடங்கியதும் சின்னவள் வாந்தி எடுக்கிறாள். எலுமிச்சம்பழம், பாலித்தீன் பை. டம்டம் பாறைக் காட்சிமுனையில் எல்லோரும் இறங்கித் தலையாறு அருவியைப் பார்க்கிறார்கள். கணக்கர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அலைபேசியில் அலுவலகம்: ஒருவருடைய பான் எண் பொருந்தவில்லையாம். அடுத்த வளைவில் சிக்னல் போய்விடுகிறது. அப்போது அவர் முகத்தில் வருவது விடுதலை அன்று, பீதி. அந்தப் பீதியை மனைவி கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பத்தாண்டுத் தாம்பத்தியம் முழுவதும் அந்த மௌனத்துக்குள் இருக்கிறது. எழுதத் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலைநேரத்துக்கு வெளியே அழைப்பை ஏற்காதிருக்கச் சட்டத்தின் ஆதரவு உண்டு. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. இங்கே காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்திலேயே பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணிநேரத்துக்குப் போனார். ஞாயிறும் வேலைக்கு வரவேண்டும், வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்ற பொருளில் அவர் பேசியது நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் குடும்பத்தோடு கழியும் நேரம் வீண்நேரம் என்ற அந்த நம்பிக்கைக்கும், குடும்பத்தோடு போகும் பயணம் பயணமே அல்ல என்ற நமது நம்பிக்கைக்கும் எவ்வளவு தூரம்? முதலாளி அந்த நேரத்தை உற்பத்திக்குக் கேட்கிறார், இலக்கியவாதி ஆன்மிகத்துக்குக் கேட்கிறார். இருவர் கணக்கிலும் பிள்ளையின் வாந்தியைத் துடைப்பது செலவுப்பக்கம்.

கூட்டத்தால் மலை அழிகிறதே என்ற வாதத்துக்கு நியாயம் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. தேவையான வரம்பு. எனக்கு உறுத்துவது, அதையொட்டி நம்மவர்கள் சிலர் வெளிப்படுத்திய குதூகலம். ‘கும்பல்’ ஒழிந்தது என்ற குதூகலம். அந்தக் கும்பலை மே மாதத்தின் ஒரே வாரத்தில் ஒரே மலைக்கு அனுப்பியது பள்ளி நாட்காட்டியும் விடுப்பு மறுப்பும் என்பதைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல் இல்லை.

“அன்றாடம் எழுதினால் அன்றாடம்தானே மிஞ்சும், தரிசனம் எங்கே?” என்று கேட்கப்போகும் நண்பருக்கு என்னிடம் கோட்பாடு எதுவும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் அந்த அடைத்த கதவைத் தாண்டி அவருக்கு என்ன தரிசனம் வேண்டும் என்று தெரியவில்லை.

பத்திரிகைகளின் அடுத்த பயணச் சிறப்பிதழில் இமயமலைக் கட்டுரைகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஊர் திரும்பும் ஞாயிறு மாலை பொன்னம்பலப்பட்டிச் சுங்கச்சாவடி வரிசையில், நாளைய அலுவலகத்தை நினைத்து யாரும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு காரைப் பற்றிய கதைக்கு நாலு பக்கம் ஒதுக்கிப் பார்க்கட்டும். எழுதுபவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவராக இல்லாமல், பின்னால் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே அழுக்குத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவராக இருந்தால் நான் முதலில் படிப்பேன்.