வழி காட்டும் கருவியும் ஓட்டுபவர் விவேகமும்

முன்பின் அறியாத ஊர்களுக்குச் சொந்தக் காரில் பிரயாணம் செய்யும் வழக்கம் நம்மிடையே பெருகப் பெருக, வழி சொல்லும் பொறுப்பை ஒரு சிறிய ஜி.பி.எஸ். கருவியிடமோ கைப்பேசியிடமோ ஒப்படைத்துவிடுவதும் பெருகி வருகிறது. அதனால் விளையும் நன்மையை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும், அக்கருவி எதை அறியும், எதை அறியாது என்பதைத் தெளிந்துகொள்ளாமல் அதை வாங்குவதும், வாங்கியபின் அதன் சொல்லை வேதவாக்காகக் கொள்வதும் அபாயத்துக்கு இடம் கொடுப்பதாகும் என்பதே என் அபிப்பிராயம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் திட்டமிட்டு, 1978-இல் முதல் செயற்கைக்கோளை ஏவி, 1995-இல் பூரணமாக நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடே ஜி.பி.எஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள், தம்முள் இருக்கும் அணுக் கடிகாரங்களின் நேரத்தை இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்க, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு, நம் கருவி தான் இருக்கும் ஸ்தானத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கிய பிறகு, திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியத்துக்கு நம் இடத்தை அறிவது சாமானியருக்கும் சாத்தியமாயிற்று.

வானிலிருந்து நமக்குக் கிடைப்பது இவ்வளவே: நாம் எங்கே இருக்கிறோம் என்ற ஞானம். எங்கே பாதை இருக்கிறது, அது அகலமா குறுகலா, பாலம் நிற்கிறதா இடிந்ததா என்பவை எவையும் செயற்கைக்கோளுக்குத் தெரியா. அவை மனிதர்கள் அளந்தும் திரட்டியும் பதிந்த வரைபடத்தைச் சார்ந்தவை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், வெள்ளம் ஒரு பகுதியை அடித்துச் சென்றுவிட்ட பாலத்தின்மீது ஏறிய கார் ராமகங்கை ஆற்றுப் படுகையில் விழுந்து மூவர் மாண்டபோது, வழிகாட்டிச் செயலியின் வரைபடத்தில் அந்தப் பாலம் இன்னமும் முழுப் பாலமாகவே இருந்தது என்ற செய்தி தேசத்தையே கலங்கச் செய்தது.

ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் ஆராய வேண்டியது அதன் வரைபடத்தை. அதை வெளியிடுவோர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டா, நமக்குப் பரிச்சயமான கிராமச் சாலைகள் அதில் சரியாக இருக்கின்றனவா என்பவற்றைக் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது உத்தமம். நடுப்பகல் வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா, குரல் நன்றாகப் புரிகிறதா என்பதும் அவசியமான சோதனைகள். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாட்டு நாவிக் ஆகிய இதே போன்ற செயற்கைக்கோள் ஏற்பாடுகளின் சமிக்ஞைகளையும் சேர்த்து ஏற்கும் கருவியாயின், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் அது தடுமாறுவது குறையும்.

நகரத்துக்குள்ளும் நெடுஞ்சாலைகளிலும் மட்டும் ஓட்டுகிறவர்களுக்குக் கைப்பேசியே போதும். மலையும் காடுமாகத் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகும் பிரதேசங்களில் அடிக்கடி செல்பவர்களுக்கும், பேசுவதற்கு வைத்திருக்கும் கைப்பேசியை வழிகாட்டவும் வைத்து அதன் பேட்டரியைத் தீர்த்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கும், வரைபடத்தைத் தன்னுள்ளேயே சேமித்து வைத்திருக்கும் தனிக் கருவி செலவுக்குத் தகுந்த பலனைத் தரும். கைப்பேசியை மட்டுமே நம்புகிறவர்கள், போகும் பிரதேசத்தின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.

உபயோகிக்கும் முறையிலோ இன்னும் அதிகக் கவனம் வேண்டும். சாலையை மறைக்காதவாறும், ஏர்பேக் விரியும் இடத்தில் இல்லாதவாறும் கருவியைப் பொருத்தி, சேருமிடத்தை வண்டி நகருமுன்னே பதிந்துவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், இரண்டு விநாடிகள் நம் பார்வை திரைக்குப் போய்த் திரும்புவதற்குள் 33 மீட்டர் கடந்துவிடுகிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தமும், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் கவனம் கலையாத வகையிலேயே பயன்படுத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. கண் சாலையிலும் காது கருவியிலும் இருப்பதே முறை.

புறப்படுமுன் பாதை முழுவதையும் ஒருமுறை பார்வையிடுவதும் இன்றியமையாதது. உதகையிலிருந்து மசினகுடிக்குச் செல்ல வரைபடம் குறுக்குவழியாகக் காட்டும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதன் செங்குத்தான சரிவில் நேர்ந்த விபத்துகளின் காரணமாக, வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குப் போலீசார் தடை விதித்திருக்கிறார்கள். தூரம் குறைந்த வழி எப்போதும் க்ஷேமமான வழியாகாது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. கருவியில் குறைந்த தூரம், குறைந்த நேரம் என்று இருவிதத் தேர்வுகள் இருக்குமாயின், பழக்கமில்லாத பிரதேசத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, நெடுஞ்சாலையை ஒட்டிய வழியையே கொள்வது விவேகம்.

திரை ஒன்று சொல்ல, எதிரே உள்ள சாலை வேறொன்று சொல்லுமாயின், சாலை சொல்வதையே ஏற்க வேண்டும். சந்தேகம் எழுந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவ்வூர் மக்களைக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. ஆனால் முழுப் பாரத்தையும் ஓட்டுபவர் தலையிலேயே சுமத்துவதும் நியாயமன்று. ஒரு பாலம் சிதைந்தாலோ ஒரு சாலை மூடப்பட்டாலோ, அன்றைய தினமே இரவிலும் கண்ணுக்குத் தெரியும் உறுதியான தடுப்புகளை அமைத்து, வரைபடம் வெளியிடும் நிறுவனங்களுக்கும் உடனே தகவல் அனுப்புவதை நெடுஞ்சாலைத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் தம் கடமையாக ஏற்க வேண்டும். அதற்கென ஒரு நிரந்தர ஏற்பாட்டை அரசு தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.