சாதுவான வேரா?

சீன மருத்துவத்தில் 'கான்ட்சாவ்' என்று வழங்கும் அதிமதுர வேர், கடுஞ்சரக்குகளைத் தணித்துச் சேர்த்துவைக்கும் சாது என்றே பேர் வாங்கியது. சீன வைத்தியர் சாங் ஜோங்ஜிங்கின் பழைய காய்ச்சல் நூலிலுள்ள கலவைகளில் பாதிக்கு மேல் இது உண்டு. அந்தச் சாதுப் பெயரைத்தான் நான் சந்தேகிக்கிறேன். வேரிலுள்ள கிளிசிரைசின், கார்டிசால் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் சிறுநீரக நொதியைத் தடுக்கிறது. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் இறங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. முற்றினால் தசை தளரும், இதயத் துடிப்பும் தடுமாறும். நூற்றாண்டுகளின் அனுபவம் பொய்யா என்பார்கள். பொய்யில்லை, கெண்டைக்கால் பிடிப்புக்கு இதைப் பியோனி வேரோடு சேர்த்து ஜப்பானிய மருத்துவர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். ஆனால் பிடிப்பு விட்டதைப் பழைய வைத்தியர் கண்ணால் பார்த்தார். வாரக்கணக்கில் மெல்லச் சரியும் பொட்டாசியத்தை அளக்க அவரிடம் வழியில்லை. அளவு சொற்பம்தானே என்ற வாதம் இதைவிட வலுவானது, ஒரே ஒரு கஷாயம் என்றால். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு கிளிசிரைசினுக்கு வைத்த வரம்பு நாளைக்கு 100 மில்லிகிராம். இரண்டு மூன்று கலவைகளை மாதக்கணக்கில் குடிப்பவர், எல்லாவற்றிலும் இதே வேர் இருப்பது தெரியாமலே அதைத் தாண்டிவிடலாம். நீர் பிரியும் மாத்திரையோ டிஜாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதைக் கேட்காமல் பொட்டலம் மடிப்பவரோடுதான் என் வழக்கு.